எட்டுப் புள்ளியும் ஆறில் ஒருவரும்: பதின்வயதில் கஞ்சா மூளையை என்ன செய்கிறது?

சின்ன வயதில் கஞ்சா பழகினால் ஐ.க்யூ. 8 புள்ளி குறைந்துவிடும் என்று எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். விழிப்புணர்வுப் பேச்சுகளுக்கு ரொம்ப வசதியான எண் அது. அந்த 8 எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், இந்த விஷயத்தில் எது கெட்டியாகத் தெரிந்தது, எதில் இன்னும் வாதம் நடக்கிறது என்பது பாதி விளங்கிவிடும்.

நியூசிலாந்தின் தென்தீவில் இருக்கிறது டுனெடின் நகரம். 1972 ஏப்ரல் முதல் 1973 மார்ச் வரை அங்கே பிறந்தவர்களில் 1,037 பேரை, மூன்று வயதிலிருந்து இன்றுவரை ஒரு ஆய்வுக்குழு விடாமல் பின்தொடர்கிறது. வெளிநாட்டில் குடியேறியவர்களைக்கூட விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்து வரவழைத்துப் பரிசோதிக்கிறார்கள். அதனால்தான் இத்தனை வருடங்களில் மிகச் சிலரே விட்டுப்போயிருக்கிறார்கள். 13 வயதுக்குள் ஐ.க்யூ. அளந்தார்கள். 18, 21, 26, 32, 38 வயதுகளில் கஞ்சா பழக்கத்தைப் பற்றி விசாரித்தார்கள். 38-ல் மறுபடி ஐ.க்யூ. அளந்தார்கள். கஞ்சாவைத் தொடுவதற்கு முன்பே எடுத்து வைத்த அளவு கையில் இருந்தது என்பதுதான் இதன் பலம். பெரும்பாலான ஆய்வுகளுக்கு இது வாய்ப்பதில்லை. பழகியவரையும் பழகாதவரையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசம் முன்பே இருந்ததா பின்னால் வந்ததா என்று தெரியாமல் அவை திண்டாடும்.

2012-ல் மேடலின் மையர் என்ற உளவியலாளர் தலைமையில் முடிவு வெளியானது. பதின்வயதில் ஆரம்பித்து, பல ஆண்டுகள் கஞ்சாவுக்கு அடிமையாக இருந்தவர்களுக்கு ஐ.க்யூ. சுமார் 8 புள்ளி சரிந்திருந்தது. பெரியவர்களான பிறகு ஆரம்பித்தவர்களிடம் அந்தச் சரிவு தென்படவில்லை. பதின்வயதில் ஆரம்பித்தவர்கள் பிறகு நிறுத்தியபோதும் முழுசாக மீளவில்லை.

இப்போது எண்ணிக்கையைக் கவனியுங்கள். அந்த விசாரணைகளில் மூன்று முறையோ அதற்கு மேலோ அடிமை என்று கண்டறியப்பட்டவர்கள் மொத்தம் 38 பேர். அவர்களின் சராசரிச் சரிவு 6 புள்ளி. அவர்களிலும் பதின்வயதில் ஆரம்பித்தவர்களைத் தனியே பிரித்தபோது கிடைத்ததுதான் 8. ஆயிரம் பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு என்பது உண்மை. ஆனால் உலகம் சுற்றிய அந்த எண் நிற்பது இருபது முப்பது பேரின் மேல். அவர்களும் எப்போதாவது நண்பர்களோடு ஒரு இழுப்பு இழுத்தவர்கள் இல்லை, பல வருடம் அதிலேயே கிடந்தவர்கள்.

அதனால் இதைத் தள்ளிவிடலாமா என்றால், அதுவும் முடியாது. பதின்வயது மூளையைக் கஞ்சா வேறு மாதிரி பாதிக்கும் என்று எதிர்பார்க்க உயிரியலில் நல்ல காரணம் இருக்கிறது.

கஞ்சாவின் போதைக்குக் காரணமான டி.எச்.சி. என்ற பொருளை 1964-ல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும் பிரித்தெடுத்தார்கள். அது மூளையில் எங்கே போய் ஒட்டுகிறது என்று தெரிய மேலும் 24 வருடம் ஆனது. 1988-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஆலின் ஹௌலெட்டின் குழு, அது ஒட்டிக்கொள்ளும் இடமான ஏற்பியைக் கண்டறிந்தது. பிற்பாடு அதற்கு சிபி1 என்று பெயர் வந்தது. ஒரு செடியின் சாற்றுக்காக மூளை ஏற்பி வைத்திருக்காது அல்லவா? உடலே அதற்கென ஏதோ ஒன்றைத் தயாரிக்க வேண்டும். 1992-ல் அதுவும் கிடைத்தது: ஆனந்தமைடு. இந்த வகைப் பொருட்கள், அவற்றின் ஏற்பிகள் எல்லாம் சேர்ந்ததைத்தான் எண்டோகன்னாபினாய்டு அமைப்பு என்கிறார்கள்.

நினைவுக்கான ஹிப்போகேம்பஸ், திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளவும் உதவும் முன்மூளைப் பகுதி, பழக்கங்களையும் அசைவுகளையும் கவனித்துக்கொள்ளும் ஆழ்பகுதிகள் ஆகியவற்றில் சிபி1 அடர்த்தியாக இருக்கிறது. மூச்சை இயக்கும் மூளைத்தண்டில் மிகக் குறைவு. ஹெராயின் அளவு மீறினால் மூச்சு நின்று சாவது போல கஞ்சாவில் நடக்காததற்கு இதுவே காரணம்.

நரம்பணு ஒன்று அடுத்ததற்கு சேதி அனுப்பும்போது, வாங்குகிற பக்கத்து அணு இந்த எண்டோகன்னாபினாய்டைத் தயாரித்துப் பின்னோக்கி அனுப்புகிறது. ‘போதும், குறைத்துக்கொள்’ என்பதுதான் அதன் சேதி. தேவைப்பட்ட இடத்தில் மட்டும் உண்டாகி, சில நொடிகளில் வேலை முடிந்து அழிந்துவிடும். டி.எச்.சி.க்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஏற்பி இருக்கும் எல்லா இடங்களிலும் ஒரே சமயத்தில் போய் உட்கார்ந்து, மணிக்கணக்கில் இருக்கும். பெரியவரின் மூளையில் இது வேலையைத் தற்காலிகமாகக் குழப்பும். பதின்வயதில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. அப்போது மூளையின் கட்டுமானமே நடந்துகொண்டிருக்கிறது.

முருங்கையை ஒடித்து வளர் என்பார்கள். மூளையும் அந்த ரகம்தான். குழந்தைப் பருவத்தில் தேவைக்கு மேல் இணைப்புகளை வளர்த்துவைத்துவிட்டு, பதின்வயதில் பயன்படாதவற்றைக் கழித்துவிடுகிறது. மிஞ்சியவற்றின் மேல் கொழுப்புறை பூசி வேகப்படுத்துகிறது. 1990-களில் அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் ஜே கீட் குழந்தைகளை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துக் காட்டியது இதைத்தான். இந்த வேலை கடைசியாக முடிவது முன்மூளையில், இருபதுகளின் நடுவில். எந்த இணைப்பு தங்க வேண்டும், எது போக வேண்டும் என்று தீர்மானிப்பதில் எண்டோகன்னாபினாய்டு அமைப்புக்கும் பங்கு உண்டு. அந்தச் சமயத்தில் வெளியிலிருந்து டி.எச்.சி. வந்து குறுக்கிட்டால் என்ன ஆகும்?

எலிகளில் பதில் ஓரளவு தெளிவு. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் யாஸ்மின் ஹர்டின் குழு, பதின்வயதுக்கு இணையான பருவத்து எலிகளுக்கு டி.எச்.சி. கொடுத்து 2019-ல் வெளியிட்ட முடிவின்படி, முன்மூளை நரம்பணுக்களில் இந்தக் கழித்தல் உரிய காலத்துக்கு முன்பே நடந்துவிட்டது. மனிதர்களில் இதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போகிற சான்று ஐரோப்பாவின் இமேஜன் ஆய்விலிருந்து வந்தது. 14 வயதில் கஞ்சா தொடாத 799 பேரை அப்போதும் 19 வயதிலும் ஸ்கேன் எடுத்தார்கள். இடையில் பழகியவர்களுக்கு முன்மூளைப் புறணி, அதாவது அதன் மேல்படலம், கூடுதலாக மெலிந்திருந்தது. சிபி1 அடர்த்தியாக உள்ள பகுதிகளோடு அந்த மெலிவு ஒத்துப்போனது. 14 வயது ஸ்கேனில், பின்னால் பழகப்போகிறவர் யார் என்று சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. 2021-ல் வந்த இந்த முடிவு உண்மையிலேயே கவனிக்கத்தக்கது.

ஆனால் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 12,000 குழந்தைகளைப் பின்தொடரும் ஏபிசிடி ஆய்வு, கதையை இவ்வளவு நேராக விடவில்லை. அதில் 9,804 பேரின் தரவை வைத்து 2024 இறுதியில் வெளியான அலசல், குடியோ புகையிலையோ கஞ்சாவோ சீக்கிரம் ஆரம்பித்த பிள்ளைகளின் மூளை அமைப்பில் சில வித்தியாசங்கள் ஒன்பது, பத்து வயதிலேயே இருந்தன என்கிறது. இவர்களில் பெரும்பாலோர் எந்தப் போதைப்பொருளையும் தொடுவதற்கு முன்பு எடுத்த ஸ்கேன் அது. பாதிப்பு என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு முன்பே இருந்த இயல்பு என்று ஆகிறது.

ஐ.க்யூ. விஷயத்திலும் இதே முடிச்சுதான். டுனெடின் முடிவு வந்த அடுத்த வருடமே நார்வேயின் பொருளியலாளர் ஓலே ரோகெபெர்க், சரிவுக்குக் குடும்பப் பொருளாதாரமே காரணமாக இருக்கலாம் என்று மறுத்தார். மையர் குழு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளை மட்டும் எடுத்துப் பார்த்தாலும் சரிவு தெரிகிறது என்று பதில் சொன்னது. சரி, இப்படியே போனால் முடியாது என்று இரட்டையர்களிடம் போனார்கள். ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, ஒரே தெரு. ஒருவர் பழகினார், மற்றவர் பழகவில்லை. 2016-ல் அமெரிக்க இரட்டையர்கள் மூவாயிரம் பேரை வைத்துப் பார்த்ததில், பழகியவருக்குச் சரிவு இருந்தது உண்மைதான். ஆனால் பழகாத சகோதரருக்கும் ஏறத்தாழ அதே சரிவு இருந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது 2018-ல் வந்தது. அதே மேடலின் மையர், இங்கிலாந்து, வேல்ஸில் பிறந்த இரட்டையர்களிடம் அதே கேள்வியைக் கேட்டார். 18 வயதில் கஞ்சாவுக்கு அடிமையானவர்களின் ஐ.க்யூ., அதைத் தொடுவதற்கு முன்பே, சிறு வயதிலேயே சற்றுக் குறைவாகத்தான் இருந்தது. தன் பெயரைப் பிரபலமாக்கிய முடிவுக்கு எதிராகப் போகிற தரவையும் தானே வெளியிடுவது எல்லோரும் செய்கிற காரியம் இல்லை. அதே சமயம் டுனெடின்காரர்கள் 45 வயதை எட்டியபோது, நீண்டகாலம் பழகியவர்களிடம் குழந்தைப் பருவத்தோடு ஒப்பிட 5.5 புள்ளி சரிவு இருந்ததையும் அவர் குழு 2022-ல் பதிவு செய்தது.

இரண்டும் உண்மையாக இருக்க வாய்ப்பு இருக்கிறது. 18 வயதுக்குள் சில வருடம் பழகுவது ஐ.க்யூ.வில் தெரியாமல் போகலாம். முப்பது வருடம் விடாமல் பழகுவது தெரியலாம். நடுவில், பழகுகிற காலத்தில் கவனமும் ஞாபகமும் மந்தமாவது நிச்சயம். 2018-ல் 69 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பதின்வயதினரிடமும் இளைஞர்களிடமும் இந்த மந்தம் சிறிய அளவில் இருந்தது. 72 மணி நேரத்துக்கு மேல் கஞ்சா இல்லாமல் இருந்தவர்களிடம் அதுவும் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. அதே வருடம் பாஸ்டனில் 16 முதல் 25 வயதுள்ள 88 பேரில் ஒரு பகுதியினரை ஒரு மாதம் நிறுத்த வைத்ததில், புதியதைக் கற்று நினைவில் வைக்கும் திறன் மேம்பட்டது. முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்கு எந்நேரமும் மந்தமாக இருப்பது சின்ன இழப்பு இல்லைதான், ஆனால் ‘மூளை உருகிவிடும்’ என்பது வேறு. அப்படிச் சொல்லிப் பயமுறுத்தினால், ஒரு வருடமாகப் பழகியும் நல்ல மார்க் வாங்கும் பக்கத்து பெஞ்ச் நண்பனைப் பார்த்துவிட்டு, பையன் நாம் சொல்கிற மற்றதையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவான்.

அப்படிக் குப்பையில் போடக்கூடாதது ஒன்று இருக்கிறது. ஐ.க்யூ. சண்டையின் சத்தத்தில் அது அமுங்கிப் போகிறது. எந்த வயதில் ஆரம்பித்தார்கள் என்பதைப் பொறுத்து, பழக்கம் பிடித்துக்கொள்கிற ஆபத்து மாறுகிறது. அதற்கான எண்கள் பெரியவை. வெவ்வேறு காலங்களில் எடுத்தும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

1994-ல் வெளியான அமெரிக்கக் கணக்கின்படி, வாழ்நாளில் ஒரு முறையாவது கஞ்சா எடுத்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அதற்கு அடிமையாகிறார்கள். ‘பத்தில் ஒன்பது பேருக்கு ஒன்றும் ஆகாது’ என்று ஆதரவாளர்கள் சொல்வது இதை வைத்துத்தான். பதின்வயதில் ஆரம்பித்தவர்களை மட்டும் எடுத்தால் அது ஏறத்தாழ 17 சதவீதமாகிறது, ஆறில் ஒருவர். தினமும் எடுப்பவர்களில் 25 முதல் 50 சதவீதம் பேர் வரை அடிமையாவதாகக் கணக்கிடுகிறார்கள். 2021-ல் அமெரிக்க தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் புதிய தரவை வைத்து மறுபடி பார்த்தது. 12 முதல் 17 வயதில் ஆரம்பித்தவர்களில், ஒரு வருடத்துக்குள்ளேயே 10.7 சதவீதம் பேருக்குக் கஞ்சாப் பயன்பாட்டுக் கோளாறு இருந்தது. மூன்று வருடத்துக்கு மேல் ஆனவர்களில் 20.1 சதவீதம். 18 முதல் 25 வயதுக்காரர்களில் அதே எண்கள் 6.4, 10.9. கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று.

இங்கேயும் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கலாம். சீக்கிரம் ஆரம்பிக்கிற பிள்ளைகள் ஏற்கெனவே வேறு மாதிரியானவர்கள்தானே? கேட்கத்தான் வேண்டும். வீட்டில் வன்முறை, மனச்சோர்வு, படிப்பில் பின்தங்கல், அவசர சுபாவம் எல்லாம் ஆரம்பிக்கும் வயதையும் முன்னால் இழுக்கும், அடிமையாகும் வாய்ப்பையும் கூட்டும். ஆனால் பதின்வயது மூளையின் நிலைமையே இதற்குத் தோதாக இருக்கிறது. இன்பத்தைத் தேடும் பகுதி முழு வேகத்தில் இருக்கும்போது, ‘இரு, நாளைக்கு என்ன ஆகும்’ என்று கேட்கும் முன்மூளை இன்னும் முதிரவில்லை. எதையும் சீக்கிரம் கற்றுக்கொள்ளும் வயது. பழக்கமும் ஒரு கற்றல்தான்.

கஞ்சாவுக்கு அடிமையாவது என்பது ஹெராயின்போல ரோட்டில் விழுந்து கிடப்பது இல்லை. அதனால்தான் பலருக்கு அது அடிமைத்தனமாகவே தெரிவதில்லை. இன்றைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு மாலையில் பொட்டலம் வாங்கப் போவது, முன்பு இருந்த அளவு போதாமல் கூட்டுவது, கிரிக்கெட்டும் சினிமாவும் அது இல்லாமல் ருசிக்காமல் போவது, பிரச்சினை வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது என்று சத்தமில்லாமல் வரும். நிறுத்தினால் ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை, படபடப்பு ஆரம்பித்து முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போகும். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல்தான் இதை ஒரு நோய்நிலையாக ஏற்றுக்கொண்டது. நிறுத்தியதும் வரும் இந்த அவதிக்குக் காரணமும் ஸ்கேனில் தெரிகிறது. தினமும் புகைப்பவர்களின் மூளைப் புறணியில் சிபி1 ஏற்பிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன; நான்கு வாரம் நிறுத்தியதும் பழைய நிலைக்கு வந்தன.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கஞ்சா இல்லாத இரவில் தூக்கம் வராது, எடுத்ததும் வந்துவிடும். அதனால் ‘எனக்குத் தூக்கப் பிரச்சினை, டென்ஷன், கஞ்சாதான் மருந்து’ என்று அந்தப் பிள்ளை மனசார நம்பும். பழக்கம் உண்டாக்கிய நோய்க்குப் பழக்கமே மருந்தாகிறது. வீட்டிலுள்ளவர்களோ நிறுத்தின மூன்றாம் நாள் எரிந்து விழுவதைப் பார்த்து, ‘இவன் திமிர் பார்’ என்று சண்டைக்குப் போவார்கள்.

நம் ஊரில் புகையிலையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிகரெட்டை உதிர்த்து அதோடு கஞ்சாவைக் கலந்து மறுபடி அடைப்பதுதான் இங்கே வழக்கம். ஐரோப்பாவிலும் அப்படித்தான். கஞ்சா மட்டும்தான் எடுக்கிறேன் என்று நினைக்கிற பையனுக்கு நிகோடினும் கூடவே ஏறுகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வட்டாரத்தில் 2,235 பதின்வயதினரை ஆராய்ந்த 2016-ஆம் ஆண்டு ஆய்வில், சிகரெட் பழக்கத்தைக் கணக்கில் சேர்த்ததும் கஞ்சாவுக்கும் மதிப்பெண்ணுக்கும் இருந்த தொடர்பு மறைந்துவிட்டது.

கஞ்சா மற்ற போதைகளுக்கு வாசலா? 1975-ல் டெனிஸ் காண்டெல் என்ற சமூகவியலாளர், இளைஞர்கள் குடி, சிகரெட், கஞ்சா, பிறகு மற்றவை என்று ஒரு வரிசையில் போவதைக் காட்டியதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. கஞ்சா பழகியவர்களில் பெரும்பாலோர் ஹெராயின் பக்கம் போவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் ஆஸ்திரேலியாவில் 2003-ல் 311 ஜோடி இரட்டையர்களைப் பார்த்தார்கள்; ஒருவர் 17 வயதுக்கு முன் கஞ்சா எடுத்தவர், மற்றவர் எடுக்காதவர். முன்னவருக்குப் பின்னாளில் வேறு போதைப்பொருள், குடி அல்லது போதைச் சிக்கல் வருகிற வாய்ப்பு 2 முதல் 5 மடங்கு கூடுதல். ஐ.க்யூ. வாதத்தை ஆட்டம் காண வைத்த அதே இரட்டையர் முறை இங்கே எதிர்ப்பக்கம் பேசுகிறது. எலிகளிலும், பதின்வயதில் டி.எச்.சி. வாங்கியவை வளர்ந்ததும் ஹெராயினைக் கூடுதலாக எடுத்துக்கொண்டன. ஆம்ஃபெடமின் என்ற ஊக்கப் போதைப்பொருளில் அப்படி இல்லை. இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் வேறு சேர்க்கை, வேறு நண்பர்கள் இருந்திருக்கலாம் என்ற ஓட்டையும் உண்டு. கஞ்சா விற்கிறவரிடமே மற்றதும் கிடைக்கும் என்றால் வாசலைத் திறந்தது செடியா, வியாபாரியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

மனநோயைப் பற்றிச் சுருக்கமாக. 1969-70-ல் ஸ்வீடன் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து வருடம் பின்தொடர்ந்ததில், ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா எடுத்திருந்தவர்களுக்கு ஸ்கிசோஃப்ரீனியா என்ற மனச்சிதைவு நோய் வருகிற வாய்ப்பு 6 மடங்கு இருந்தது. மரபிலேயே அந்த நோய்க்கு வாய்ப்புள்ளவர்கள் கஞ்சாவையும் அதிகம் நாடுகிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆறு மடங்கு முழுவதையும் கஞ்சாவின் தலையில் கட்ட முடியாது. பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் அப்பா, அம்மா, சித்தப்பா, மாமா என்று நெருங்கிய உறவில் யாருக்காவது அந்த நோய் இருந்தால், பதின்வயதில் கஞ்சா விளையாட்டு இல்லை.

அப்புறம், வீரியம். அமெரிக்காவில் பிடிபட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1995-ல் சுமார் 4 சதவீதம், 2014-ல் சுமார் 12. டுனெடின்காரர்கள் இளமையில் புகைத்தது பழைய ரகம். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், வீரியமான ரகத்தைத் தினமும் எடுத்தவர்களுக்கு சைக்கோசிஸ் வகை மனநோய் (நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நிலை) ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 5 மடங்கு. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளிடம் சென்னை விமான நிலையத்தில் பிடிபடும், மண்ணில்லாமல் நீரில் வளர்க்கப்படும் ‘ஹைட்ரோபோனிக்’ கஞ்சா இந்த வீரிய வகைதான். அதாவது இன்றைய பதினைந்து வயதுக்காரருக்கு நேரே பொருந்தும் நீண்டகால ஆய்வு எதுவும் முடிந்திருக்க முடியாது.

இந்தியாவுக்கு நம்மிடம் உள்ள பெரிய கணக்கு, சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் 2019-ல் வெளியிட்டது. 10 முதல் 17 வயதுள்ளவர்களில் 0.9 சதவீதம், சுமார் 20 லட்சம் பேர், கஞ்சா வகைகளில் ஏதாவது ஒன்றை அதற்கு முந்தைய 12 மாதத்தில் எடுத்திருந்தார்கள். அமெரிக்காவோடு ஒப்பிட்டால் விகிதம் குறைவு. ஆனால் அங்கே கண்ட ஆறில் ஒருவர் என்ற விகிதம் இங்கே பாதி அளவுக்குப் பொருந்தினாலும், ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள்.

அந்தக் குடும்பங்கள் சிகிச்சைக்குப் போகத் தயங்குவதற்கு முதல் காரணம் போலீஸ் பயம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சா எடுப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருப்பது உண்மை. அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையான ஒருவர் அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால், பயன்பாட்டுக் குற்றத்திலிருந்தும் சிறிய அளவு வைத்திருந்த குற்றத்திலிருந்தும் விலக்குத் தருகிறது. பலருக்கு இது தெரியாது. 18 வயதுக்குட்பட்டவருக்குப் போதைப்பொருள் கொடுத்தவருக்கு ஏழு வருடம் வரை சிறை என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் தனியாகச் சொல்கிறது. மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண் 14446.

மருந்து என்று குறிப்பாக எதுவும் இல்லை. பேச்சு சிகிச்சை, குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசுவது, நிறுத்தின நாட்களுக்குச் சின்னப் பரிசு என்று ஊக்கம் கொடுப்பது ஆகியவைதான் கையில் இருப்பவை. நிறுத்துகிற தேதியையும் பார்த்து வைக்க வேண்டும்: உச்சம் முதல் வாரத்தில் என்பதால், பொதுத்தேர்வுக்கு முந்தின திங்கட்கிழமை அதற்கு ஏற்ற நாள் இல்லை. எரிச்சல் இரண்டு வாரத்தில் போனாலும், கெட்ட கனவும் அரைத்தூக்கமும் ஒரு மாதத்துக்கு மேலும் இழுக்கலாம் என்பதைப் பிள்ளையிடமும் வீட்டாரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.